மண்டோர் ஊதிக் காட்டிய ஞாயிறு

என் வீட்டுக்காரர் குடிக்கிறார் என்று சுங்கை தாவார் ரப்பர் தோட்டம் முழுக்கப் பேசிய வருஷம் எழுபத்தொன்பது. வருத்தப்பட்டுப் பேசியிருந்தால் பொறுத்திருப்பேன். ஒவ்வொருத்தரும் கல்யாண விருந்து சாப்பிட்ட முகத்தோடு பேசினார்கள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அவர்கள் சந்தோஷத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. என் வீட்டுக்காரர் இஞ்ஞாசிமுத்து தோட்டத்து மண்டோர், அதாவது கங்காணி; காலையில் ரப்பர் பால்வெட்டுக்காரர்களை மேய்ப்பார். மற்ற நேரமெல்லாம் புனித அந்தோணியார் மதுவிலக்குச் சங்கத்தின் செயலாளர். ஒரு தவக்காலம் முழுக்கக் கள்ளுக்கடை வாசலில் நின்று சத்தமாகச் செபமாலை சொன்னவர். வெளியே ஒருத்தன் 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டிருந்தால் உள்ளே இருப்பவனுக்குக் கள் தொண்டையில் இறங்குமா? கடைக்காரன் மேனேஜரிடம் போய் அழுதான். அப்படிப்பட்ட மனுஷன் லயத்து வீடுகளுக்கு நடுவே தள்ளாடி நடந்தால் ஊர் சும்மா இருக்குமா?

சங்கத்துக்கு ஒன்பது விதிகள். எல்லாம் இவர் எழுதியவைதான். மூன்றாவது விதிக்கு ஊரார் வைத்த பெயர் 'ஊதல்'. சங்கத்தில் சேர்ந்து சத்தியம் செய்தவன் மேல் சந்தேகம் வந்தால், மாதத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் அவன் கோயில் படியில் நின்று மூன்று பேர் மூக்குக்கு நேரே ஊதிக் காட்ட வேண்டும். வாடை வந்தால் ஓராண்டு நீக்கம். அப்படி இவர் நீக்கி வைத்தவர்கள் பதினான்கு பேர். அந்தப் பதினான்கு பேரும் இவருக்கு ஒரு நாள் வராதா என்று காத்துக்கொண்டிருந்தார்கள்.

தள்ளாட்டம் ஒரே நாளில் வரவில்லை. முதலில் இடது பாதம் மரத்துப்போகிறது என்றார். பிறகு செருப்பு கழன்றது தெரியாமல் நடந்து வருவார்; நான் போய்ப் பாதையில் கிடக்கும் செருப்பைத் தேடி எடுத்து வருவேன். காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது நேராக நிற்பார். வெயில் ஏற ஏற ஆள் மாறிப்போவார். மதியம் வேலை முடிந்து வரும்போது கால் பின்னும், பேச்சு குழறும். காலையில் ஒழுங்கு, மதியம் தள்ளாட்டம் என்றால் தோட்டத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பனைமரத்தடியில் பால் குடித்தாலும் கள் என்பார்கள். இவர் ரப்பர் மரத்தடியில் பச்சைத் தண்ணீர் குடித்தார், அதையும் சம்சுச் சாராயம் என்றார்கள்.

ஊரை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? முதலில் சந்தேகப்பட்டவளே நான்தான். அவர் குளிக்கப் போன நேரம் பெட்டியைக் குடைந்தேன். கோழிக்கூட்டுக்குள் கைவிட்டுத் தேடினேன். ஒரு போத்தலும் இல்லை, கோழி கொத்தியதுதான் மிச்சம். அப்புறம் அந்தோணியார் படத்துக்கு முன்னால் நிறுத்திக் கேட்டேன். "அகத்தா, ஒரு சொட்டு தொட்டதில்ல" என்றார். கண்ணைப் பார்த்தேன், நம்பினேன். அதற்கப்புறம் எவள் வாயைத் திறந்தாலும் அவள் குலத்தையே கழுவி ஊற்றினேன்.

குடி இல்லை என்றால் பலவீனம்தானே? மருத்துவச்சி பிச்சையம்மாளிடம் கேட்டேன். தோட்டத்தில் பாதிப் பிள்ளைகள் அவர் கையில் பிறந்தவை.

"நரம்புத் தளர்ச்சி ஆத்தா" என்றார். "பிள்ளை பெத்தவளுக்கு நான் என்ன குடுப்பேன்? நாட்டுக்கோழி முட்டைய ஒடச்சு ஊத்தி, ரெண்டு கரண்டி பிராந்தி. பதினெட்டே நாளு. செத்தவளே எழுந்து துணி தொவைப்பா."

"ஐயோ, இவரு பிராந்தியத் தொடுவாரா?"

"சொல்லிட்டா குடுப்பாங்க? இஞ்சி, மொளகு, பனைவெல்லம் போட்டுக் கசாயமாக் காய்ச்சுலா. எறக்கி ஆறுனதும் ஊத்து."

நானும் இரண்டு பிள்ளைப்பேற்றுக்கும் அதைக் குடித்து எழுந்தவள்தான். எங்களுக்கு அது சாராயம் இல்லை, மருந்து. கூலிம் டவுனுக்குப் போய்ச் சீனர் கடையில் ஒரு சின்னப் போத்தல் வாங்கி, மடியில் செருகி வந்து அரிசித் தகரத்துக்குள் புதைத்தேன். மதுவிலக்குச் சங்கச் செயலாளர் வீட்டு அரிசிக்குள் பிராந்தி! ஆனாலும் தினமும் விடியற்காலை கசாயம் கொடுத்தேன். வாழ்நாளில் குடித்துப் பார்க்காதவருக்கு ருசி எப்படித் தெரியும்? மூக்குப்பொடி போட்டுப் போட்டு மூக்கும் செத்துப்போனவர். மடக் மடக்கென்று குடித்துவிட்டு, "காரமா இருக்கு, நல்லாத்தான் இருக்கு" என்பார்.

பதினெட்டாம் நாள் பிப்ரவரி மாதத்து முதல் ஞாயிறு. அதற்கு முந்தின வாரம் ரப்பர் பால் லோரி ஓட்டுகிற சங்கத் தலைவர் மரியராஜ் வீட்டுக்கு வந்து தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, ஊரு வாய மூட முடியல. ஒருவாட்டி ஊதிக் காட்டிருங்க. பேச்சு முடிஞ்சிரும்."

"விதி எழுதுனவனே விதிக்குப் பயந்தா எப்படி? ஊதுறேன்" என்றார் இவர். எனக்கும் நல்லதென்றே பட்டது. பரிசுத்தமான வாய், ஊதிவிட்டுத் தலை நிமிர்ந்து வரட்டும், அப்புறம் நான் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு வைத்துக்கொள்கிறேன் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

பிராந்தி வாய் வாடையாகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. அது மருந்தல்லவா? அதைவிடக் கொடுமை, அன்றைக்குப் படியில் ஆடாமல் நிற்க வேண்டுமே என்று இரண்டு கரண்டிக்கு நான்கு கரண்டியாக ஊற்றினேன்.

பூசை முடிந்தது. தோட்டமே கோயில் முற்றத்தில் நின்றது. நீக்கப்பட்ட பதினான்கு பேரும் முன் வரிசை. இவர் வெள்ளைச் சட்டையில் படியேறி நின்றார். மரியராஜ் முன்னால் வந்தார். இவர் வாயைத் திறந்து, நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து ஊதினார்.

மரியராஜ் முகம் வெளிறிப்போனது. "இன்னொருவாட்டி அண்ணே" என்றார், பொய்யாக இருக்க வேண்டுமே என்கிற குரலில். இவர் இன்னும் பலமாக ஊதினார். மற்ற இருவரும் முகர்ந்து பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். கூட்டத்தில் ஒருவன் விசிலடித்தான்.

அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது. நான்கு கரண்டியும் கண் முன்னால் வந்து நின்றன. 'நான்தான் ஊற்றினேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஊரையே வாயால் அடக்குகிற அகத்தாவுக்கு அன்றைக்கு வாய் ஒட்டிக்கொண்டது. அந்தப் பதினான்கு பேர் என்னைப் பார்த்துச் சிரிப்பார்களே என்று பயந்தேன். கோழை. இன்றைக்கும் அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

இவர் ஒன்றும் புரியாமல் நின்றார். "நான் குடிக்கலையே" என்று இரண்டு தரம் சொன்னார். பிறகு சங்கப் புத்தகத்தை வாங்கி, கோணல் மாணலாகத் தன் பெயரைத் தானே நீக்கப்பட்டவர் பட்டியலில் எழுதினார். பதினைந்தாவது பெயர்.

மறுநாளே போத்தலைக் கக்கூசில் ஊற்றினேன். கசாயம் நின்றது, தள்ளாட்டம் நிற்கவில்லை. கோயிலில் முன் பெஞ்சில் உட்காருகிறவர் கடைசித் தூணுக்குப் பின்னால் உட்கார ஆரம்பித்தார். வீட்டில் யாரோடும் பேச்சில்லை. நான் அவரிடம் உண்மையைச் சொல்ல ஒவ்வொரு நாளும் வாயைத் திறப்பேன், சோறு போடவா என்று கேட்டுவிட்டு வந்துவிடுவேன்.

அப்படியிருக்கும்போது ஒரு நாள் மதியம் பக்கிரிசாமி வந்தான். தோட்டத்திலேயே பெரிய குடிகாரன். கள்ளுக்கடை வாசலில் இவர் செபமாலை சொன்னபோது, "மண்டோரே, அடுத்த மணி நான் சொல்றேன்" என்று கிண்டல் செய்தவன். வேலிக்கு அந்தப் பக்கமே நின்றான்.

"அக்கா, திட்டாதீங்க. ஒண்ணு சொல்லணும். மண்டோரு குடிக்கல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவனுக்கு எப்படித் தெரியும்?

"முப்பது வருசமாக் குடிக்கிறேன்க்கா. இந்த விசயத்துல எனக்குத் தெரியாதது இல்ல. பாருங்க" என்று சொல்லிவிட்டு லயத்துக்கு முன்னால் நடந்து காட்டினான். "குடிச்சவன் இப்படிப் போவான், அப்புறம் அப்படிப் போவான். ரெண்டு பக்கமும் ஆடுவான். மண்டோரு எப்பவும் எடது பக்கம்தான் சாயிறாரு. எடது கால்தான் தேய்க்கிறாரு. குடிச்சவன் காலத் தேய்க்க மாட்டான், தூக்கித் தூக்கி வப்பான். பள்ளமோ மேடோன்னு பயம். அப்புறம் குடிச்சவனுக்குச் சந்தோசம் இருக்கும்க்கா. இவரு மொகத்துல எங்க சந்தோசம்? பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கலா."

படித்தவர்கள், உபதேசம் செய்கிறவர்கள், கட்டிய பெண்டாட்டி, ஒருத்தர் கண்ணிலும் படாதது இந்தக் குடிகாரன் கண்ணில் பட்டிருக்கிறது. அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட்டேன். அவன் அப்போதும் கொஞ்சம் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தான். ரசத்தை இரண்டு முறை கொட்டினான்.

அலோர் ஸ்டார் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அரியரத்தினம் இவரைப் படுக்கவைத்து உள்ளங்காலில் சாவியால் கோடு கிழித்துப் பார்த்தார். கண்ணை மூடி நிற்கச் சொன்னார். இவர் சாய்ந்தார், இடது பக்கமே. பிறகு யாழ்ப்பாணத்துப் பேச்சில் ஒரு கேள்வி கேட்டார்.

"முந்தி எப்பவாவது ஒரு கண் மங்கினதோ? நோவோடை?"

நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இவருக்கு வலது கண் மூன்று வாரம் புகை படிந்த மாதிரி இருந்தது. ரப்பர் பால் தெறித்துவிட்டது என்று தாய்ப்பால் விட்டுக் கழுவினோம். தானாகச் சரியாகிவிட்டது, மறந்தும் போனோம்.

கோலாலம்பூருக்கு அனுப்பினார். அங்கே முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். தலையில் ஒயர் ஒட்டி, கண் முன்னால் கறுப்பு வெள்ளைக் கட்டங்களை மாற்றி மாற்றிக் காட்டினார்கள். எல்லா ரிப்போர்ட்டும் வந்த பிறகு அலோர் ஸ்டாரில் அரியரத்தினம் எங்களை உட்காரவைத்து நோயின் பெயரைச் சொன்னார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். இந்த நாட்டில் நிறையப் பேருக்கு வருவதில்லை, அதனால் யாருக்கும் சட்டென்று தோன்றாது என்றார்.

"ஒயருக்கு மேலை ரப்பர் சுத்தியிருக்குமெல்லே? நரம்புக்கும் அப்பிடி ஓர் உறை இருக்கு. உங்களுக்கு அது அங்கையிங்கை தேஞ்சு போச்சு. மூளை சொல்லுறது காலுக்குச் சரியாப் போய்ச் சேராது. சூடு பட்டால் இன்னும் மோசமாகும். அதுதான் காலமை நல்லா இருக்கிறியள், மத்தியானம் தள்ளாடுறியள். இது குடியாலை வாறதில்லை. பாவத்தாலையும் இல்லை. மற்றவருக்குத் தொத்தவும் மாட்டுது."

"சரியாகுமா டாக்டர்?" என்றேன்.

"முழுக்க மாத்த இப்ப மருந்தில்லை அம்மா. வரும், தணியும், திரும்பவும் வரும். கடுமையா வரேக்கை ஊசி போடலாம். வெயிலைக் குறையுங்கோ, ஓய்வெடுங்கோ. நல்லா இருக்கிற நாள் நிறைய இருக்கும்."

மாறாத நோய் என்று கேட்டு அழ வேண்டியவர்கள், நாங்கள் இருவரும் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டோம். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அது குடி இல்லை. அந்த நிம்மதி அனுபவப்பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் உண்மையைச் சொன்னேன். பிச்சையம்மாள், அரிசித் தகரம், நான்கு கரண்டி எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் ஜன்னல் வழியாக நெல் வயலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"எத்தன நாளு?" என்றார் கடைசியில்.

"பதினெட்டு."

"நல்லாத்தான்லா இருந்துச்சு அந்தக் கசாயம்" என்றார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து முகத்தைப் பார்த்தால் சிரிக்கிறார்! எனக்கு வந்த கோபத்தில் தொடையில் கிள்ளினேன். அது இடது தொடை, அவருக்குத் தெரியவே இல்லை. அதற்கும் சேர்த்துச் சிரித்தார்.

பிறகு சிரிப்பு அடங்கியது. "நீ ஊருல ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றார். "ஒம்பதாவது விதி ஞாபகம் இருக்கா? குடிக்கக் குடுக்குறவருக்கும் அதே தண்டனை. ஒன்னப் படியில நிக்க வைப்பாங்க. எனக்குக் கெட்ட பேரு பழகிப் போச்சு. குடிகாரனாவே இருந்துட்டுப் போறேன்."

என் மானத்துக்காகத் தன் மானத்தை விடுகிறேன் என்கிறார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஜூன் பதின்மூன்று, அந்தோணியார் திருநாள். பூசை முடிந்து பொங்கல் வாங்கக் கூட்டம் நின்றது. நான் படியேறினேன். இவர் தூணுக்குப் பின்னாலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று கையாட்டுகிறார். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"எல்லாரும் கேளுங்க. எம்புருசன் வாயில அன்னிக்கு வந்தது பிராந்திதான். ஊத்துனது நான். மருந்துன்னு நெனச்சு, அவருக்குத் தெரியாம, கசாயத்துல ஊத்துனேன். வாயத் தொறந்து சொல்லாம நாலு மாசம் அவரக் குடிகாரனா நடக்க விட்டதும் நான்தான். அவருக்கு வந்திருக்கறது நரம்பு வியாதி. நரம்பு மேல இருக்கற தோலு தேஞ்சு போற வியாதி. ஒரு கண்ணு மங்கும், கை கால் மரக்கும், வெயில்ல நாக்கு கொழறும், நல்லா இருக்கற மாதிரி இருந்து திரும்ப வரும். ஒட்டாது. பேயும் இல்ல, சாபமும் இல்ல. இனிமே எவராவது தள்ளாடுனா மூக்க நீட்டாதீங்க. எந்தப் பக்கம் சாயிறாருன்னு பாருங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க!"

வேலிக்கு வெளியே நின்ற பக்கிரிசாமி, "நான் அப்பவே சொன்னேன்லா!" என்று கத்தினான். கூட்டம் சிரித்தது. மரியராஜ் அழுதுகொண்டே போய் இவரைக் கையைப் பிடித்துப் படிக்குக் கூட்டி வந்தார். சங்கப் புத்தகத்தில் பதினைந்தாவது பெயரை அடித்துவிட்டு, பேனாவையும் புத்தகத்தையும் இவர் கையிலேயே கொடுத்தார். மறுபடி செயலாளர்.

செயலாளர் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "விதி ஒம்பது" என்று வாசித்தார். என் பெயரைச் சங்கத்து மாதர் பிரிவிலிருந்து ஓராண்டு நீக்கினார்! கை தட்டல் அடங்குவதற்குள் பொங்கல் ஆறிப்போனது. பிச்சையம்மாள் மெல்லக் கூட்டத்திலிருந்து நழுவி வீட்டுக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம் பெண்கள் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் வந்தார்கள். என் வீட்டுக்காரரும் தள்ளாடுகிறார், அந்த வியாதியாக இருக்குமா என்று கேட்டு வந்தவர்கள் பத்துப் பேர். இவர் பொறுமையாகக் கேட்பார்: "ஒரே பக்கம் சாயிறாராம்மா, ரெண்டு பக்கமுமா? கண்ணு மங்குச்சா?" பத்துப் பேருடைய புருஷன்மாரும் அசல் குடிகாரர்கள். பத்துப் பேருக்கும் சங்க விண்ணப்பத்தைக் கொடுத்து அனுப்பினார்.

பதினோராவதாக ஆகஸ்டு மாதம் ஒருத்தி வந்தாள். ஜோன் என்று பெயர், சுங்கைப் பட்டாணியில் தையல் கடையில் வேலை. இருபத்து நான்கு வயதிருக்கும்.

"ஒன் வீட்டுக்காரரும் ஆடுறாராம்மா?" என்றேன்.

"அவரு நல்லா இருக்காருக்கா."

"அப்புறம்?"

தரையைப் பார்த்தாள். "எனக்குத்தான். வெரல் மரத்துப் போகுது, ஊசி நழுவுது. மத்தியானம் ஆனா ஒடம்பத் தூக்கவே முடியல. மாமியா சோம்பேறிங்கறாங்க. நானும் அப்படித்தான் போலன்னு இருந்துட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஆண்பிள்ளை தள்ளாடினால் குடிகாரன், பெண்பிள்ளை துவண்டால் சோம்பேறி. படியில் நின்று அவ்வளவு கத்தினேனே, இது எனக்குத் தோன்றவில்லை.

இவர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "ஏம்மா, இதுக்கு முந்தி எப்பவாச்சும் ஒரு கண்ணு மங்குச்சா? வலியோட?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஒங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?" என்றாள். அப்படியே உடைந்து அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினேன். எனக்கும் அழுகை வந்தது.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டுமென்று முதல் பஸ்ஸுக்கே மூவரும் கிளம்பினோம். சுங்கைப் பட்டாணி பஸ் நிலையத்தில் அலோர் ஸ்டார் பஸ் படியில் ஏறும்போது இவர் கால் இடறி, இடது பக்கம் சாய்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். கண்டக்டர் தம்பி சிரித்தான்.

"என்னண்ணே, காலையிலேயே ஏத்தியாச்சா?"

நான் முந்தானையைச் செருகிக்கொண்டு வாயைத் திறந்தேன். அதற்குள் என் பின்னால் நின்ற ஜோன் முன்னால் வந்துவிட்டாள்.

"அவரு குடிக்கலண்ணே. அது நரம்பு வியாதி" என்றாள். குரல் நடுங்கியது, ஆனால் பஸ் முழுக்கக் கேட்டது. "எனக்கும் அப்படித்தான் இருக்கு. டிக்கெட்டக் கிழிங்க, வெவரமாச் சொல்றேன்."

இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, அலோர் ஸ்டாருக்கு மூன்று டிக்கெட் கேட்டார்.